நாலு வார விடுமுறையும் மகளின் பல்லும்

இந்த முறை ஊருக்குப் போகும்போதே மகளுக்குப் பல்லில் கிளிப் போட்டுக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். எட்டு வயது. மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல். எனக்குத் தெரிந்த குறை அவ்வளவுதான். முதலில் போன இடத்தில் கடைவாயைக்கூடப் பார்க்காமல், நாளைக்கே போட்டுவிடலாம் என்றார்கள். மனசு ஒப்பவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த பல் சீரமைப்பு மருத்துவர், "மெதுவா வாயை மூடும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னை மோவாயைக் கவனிக்கச் சொன்னார். நேராக வந்த மோவாய், பற்கள் தொட்டதும் இடப்பக்கம் ஒதுங்கியது. தினமும் பார்க்கிற முகம், எனக்கு அது கண்ணில் படவே இல்லை! கன்னத்தை விலக்கிக் காட்டினார். கீழ்ப்பற்களுக்கு வெளியே உட்கார வேண்டிய மேல் கடைவாய்ப்பற்கள், இடது பக்கம் மட்டும் உள்ளே விழுந்திருந்தன. இதுதான் கிராஸ் பைட். மேல்தாடை குறுகலாக இருப்பதால், பல் முட்டாமல் கடிக்கக் கீழ்த்தாடை ஒதுங்கிப் பழகியிருக்கிறது. அப்படியே விட்டால் முகம் கோணலாக வளரக்கூடும்.

கூட வந்த அக்கா மகனையும் பார்த்தார். அவனுக்குக் கடைவாய் சேர்ந்தாலும் முன்பற்கள் சேரவில்லை: ஓப்பன் பைட். விரல் சூப்புவானா என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம், சூப்புவான். அப்புறம், எத்துப்பல்லும் டீப் பைட்டும் வேறு வேறு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்துப்பல் முன்னால் தள்ளி நிற்பது. கீழே விழுந்தால் முதலில் அடிபடும். டீப் பைட்டில் மேல்பல் கீழ்ப்பல்லை மூடி இறங்கிவிடும். சிலருக்குக் கீழ்ப்பல் அண்ணத்திலேயே குத்தும்.

மகளுக்கு இப்போது வேண்டியது மேல்தாடையை விரிக்கும் கருவி. தாடையின் நடு இணைப்பு இறுகுவதற்குள் செய்தால் சுலபம். ஏழு வயதுக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் அவர் தொடங்க மறுத்துவிட்டார். கருவியில் இருக்கும் திருகைச் சிறிதுசிறிதாகத் திருப்ப வேண்டும், நடுநடுவே பார்க்க வேண்டும், விரிந்த பிறகும் எலும்பு நிரம்பச் சில மாதம் கருவி வாயிலேயே இருக்க வேண்டும். "நாலு வாரத்துக்கு வந்தவங்களுக்கு நான் ஆரம்பிச்சா, நடுவுல யார் பார்ப்பாங்க?" எக்ஸ்ரே, புகைப்படங்கள், ஒரு கடிதம் எல்லாவற்றையும் கையில் கொடுத்தனுப்பினார். அந்த நேர்மைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

திரும்பி வந்து இங்கே உள்ள மருத்துவரிடம் காட்டினேன். கடிதத்தில் இருந்ததையே இவரும் சொன்னார். அடுத்த வாரம் கருவி செய்யப் பல்லை அச்சு எடுக்கிறார்கள். தெத்துப்பல் பிறகுதானாம்.