மண்புழுவா, கரையானா: சருகை மண்ணாக்குவதில் யார் கெட்டி?

உதிர்ந்த இலையும் காய்ந்த கிளையும் மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வேலைக்காக மண்புழுவை உழவனின் நண்பன் என்கிறோம். கரையானைக் கண்டால் மருந்தைத் தேடுகிறோம். இது அநியாயம்.

மண்புழு தோலால் சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தால் செத்துவிடும். ஆகவே ஈரமுள்ள இடத்தில்தான் அதன் ஆட்சி. பாதி மட்கிய இலையை மண்ணோடு விழுங்கி, சத்து நிறைந்த எச்சமாக வெளியே தள்ளுகிறது. அது போன வழியெல்லாம் நீரும் காற்றும் இறங்குகின்றன.

கரையானின் கதை இன்னும் வியப்பானது. கோடையில், மண்புழுக்கள் ஆழத்தில் ஒடுங்கிவிட்ட மானாவாரி நிலத்திலும் அது உழைக்கிறது. நம்மூரில் புற்றுக்கட்டும் கரையான்கள் பல, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கப் பூஞ்சை வளர்க்கின்றன. மென்று விழுங்கிய சருகையும் மரத்தூளையும் கழிவாக இட்டு, மூளையின் மடிப்புகளைப் போன்ற பழுப்புநிறக் கூட்டை அமைக்கின்றன. அதன்மேல் வெண்ணிற இழைகள் பரவி, கடுகளவு வெள்ளை உருண்டைகள் முளைக்கும். பூஞ்சை பதப்படுத்திய பழைய கூட்டைப் பிறகு தின்கின்றன. மழைக்குப் பின் பறித்துக் குழம்பு வைக்கிறோமே புற்றுக்காளான், அது இந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான்!

தொட்டியில் உரம் தயாரிக்க வேண்டுமா? சந்தேகமின்றி மண்புழு. வறண்ட காட்டில் கிடக்கும் பட்ட மரத்துக்குக் கரையான். வீட்டு நிலைக்கதவையும் இளங்கன்றையும் காக்க மருந்து வைக்கட்டும். வரப்போரத்துப் புற்றையெல்லாம் இடித்து நஞ்சூற்றுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.