சூரியக் கடிகார ‘ஒளி அரிப்பு’ பெட்டி வாங்கப் போகிறீர்களா?

பித்தளைத் தகட்டில் வீட்டிலேயே சூரியக் கடிகாரம் பொறிக்கலாம், எல்லாம் ஒரே பெட்டியில், மலிவு விலையில் என்று விற்கிறார்கள். பணம் கட்டும் எண்ணமிருந்தால் சற்றுப் பொறுங்கள். எனக்கு வந்த பெட்டியில் உருப்படியாக இருந்தது கையுறை மட்டும்தான்.

ஒளி அரிப்பு என்பது இதுதான்: ஒளி பட்டால் இறுகும் நீலப் படலத்தைத் தகட்டில் ஒட்டி, மேலே வரைபடத்தை வைத்து விளக்கில் காட்ட வேண்டும்; ஒளி படாத கோடுகளில் படலத்தைக் கரைத்தெடுத்து, அங்கே மட்டும் உலோகத்தை அரிக்க வேண்டும். அந்தப் படலத்தைக் கறுப்பு உறையில் சுற்றி அனுப்புவதுதான் முறை. இவர்கள் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தார்கள். விளக்கில் காட்டிய பிறகு சோடியம் கார்பனேட் கரைசலில் இட்டால், கோடு விழ வேண்டிய இடங்களில் படலம் கரைந்து உலோகம் தெரிய வேண்டும். எதுவும் கரையவில்லை. “விளக்கில் அதிக நேரம் வைத்துவிட்டீர்கள்” என்றார் விற்றவர். விளக்கே காட்டாத ஒரு துண்டை வெட்டி, இருபக்கக் காப்புத் தாளையும் உரித்து அதே கரைசலில் போட்டேன். நல்ல படலமென்றால் முழுதும் கரைந்திருக்கும். இதுவோ நீலம் மாறாமல் மிதந்தது. வேறிடத்தில் வாங்கிய புதுப் படலம் அதே கரைசலில் ஒழுங்காகக் கரைந்தது.

அந்தப் புதுப் படலத்தை ஒட்டிக் கோடுகளை எடுத்த பிறகு, தகட்டை உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊறவைத்தேன். கோடுகளுக்குள் மஞ்சளுக்குப் பதில் சாம்பல் நிறம். காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் கப்பென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. இது இரும்புக்கு மஞ்சள் முலாம். மழையிலும் வெயிலிலும் நிற்க வேண்டிய கடிகாரத்தின் மணிக்கோடுகள் மறுநாளே துருவேறிவிட்டன.

வரைபடத்தை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது. ‘எந்த ஊருக்கும் பொருந்தும்’ என்று ஒரே தாள். கிடைமட்டக் கடிகாரத்தில் 12 மணிக் கோட்டுக்கும் 1 மணிக் கோட்டுக்கும் இடையிலான கோணம் 10° அட்சரேகையில் சுமார் 2.7°, 50° அட்சரேகையில் சுமார் 11.6°. நிழல் விழுத்தும் முள்ளின் சாய்வும் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். வேறு அட்சரேகைக்கு வரைந்த கடிகாரத்தை ஆப்பு வைத்துச் சாய்த்துச் சரிக்கட்டலாம். அதற்கும் எந்த அட்சரேகைக்கு வரைந்தார்கள் என்று தெரிய வேண்டுமே!

போதாக்குறைக்கு, பயன்படுத்திய ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றலாம் என்கிறது கையேடு. செய்துவிடாதீர்கள். உலோகம் கரைந்த அந்த நீர் எவர்சில்வர் தொட்டியையே அரிக்கும். சாக்கடையிலும் விடக் கூடாது.

பிரித்த பெட்டிக்குப் பணம் திரும்பக் கிடையாதாம். பிரிக்காமல் படலத்தைச் சோதிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.