மூன்று தளங்கள், இரண்டு ஹன்னாக்கள், ஒரு விடுதலைப் பத்திரம்

என் மாமியாருக்கு 78 வயது. மாசசூசெட்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அத்தை தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போன ஒரு தாள் அவரிடம் இருக்கிறது. 'நாம் மேஃப்ளவர் வம்சம்' என்று தொடங்கும். 1620-ல் பிளிமத்தில் கரை சேர்ந்த அந்தக் கப்பலின் 102 பயணிகளில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பிழைத்தவர்களின் வாரிசு என்றால் இந்தப் பக்கத்தில் தனி மதிப்பு. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறாய், இதை உறுதி செய்து கொடு என்று என்னிடம் தாளைத் தந்தார்.

ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. வம்சாவளி தேட உதவும் இணையதளங்களில் ஆன்செஸ்ட்ரிக்கும் அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸுக்கும் சந்தா கட்டினேன். மூன்றாவதான ஃபேமிலிசெர்ச் இலவசம். இப்போது யாராவது கேட்டால் இலவசத்தைத்தான் கை காட்டுவேன், ஆனால் காசு மிச்சமாகும் என்பதற்காக அல்ல.

ஆன்செஸ்ட்ரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகம், வசதி, பெரிய சேமிப்பு. துப்பு இருக்கிறது என்று காட்டும் பச்சை இலைக் குறியைத் தட்டினால் தாத்தாவுக்கும் அவர் தாத்தாவுக்கும் ஒரே வாரத்தில் போய்விடலாம். பல பொது நூலகங்களில் இதன் நூலகப் பதிப்பை ஓசியிலேயே பார்க்கலாம், கட்டுவதற்கு முன் அங்கே போய் உட்காருங்கள். சந்தா முடிந்தபின் நாம் கட்டிய வம்ச மரம் இருக்கும், அதில் தொங்கவிட்ட ஆவணங்களைத் திறக்கப் போனால்தான் பெரும்பாலும் மறுபடி பணம் கேட்கும். அதனால் கிடைத்ததை அன்றன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேகம் 1850-ல் நின்றுவிடும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கியது என்றாலும், 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் வெறும் எண்கள். 1850-ல்தான் அடிமைகள் அல்லாத ஒவ்வொருவரின் பெயரும் வருகிறது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பெயர்களைப் பார்க்க 1870 வரை காத்திருக்க வேண்டும், அந்தத் தேடல் வேறு பாதை. ஆக, காலனிக் காலத்துக்குப் போகும் பாலத்தில் நடுத்தூண் இல்லை. மகள் யார், மருமகள் யார் என்று எங்கும் எழுதியிருக்காது.

அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ், பாஸ்டனில் 1845-ல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கத்தின் தளம். இவர்கள் பாலத்தின் மறுகரையில் நிற்கிறார்கள். 1620 முதல் 1640 வரை இங்கிலாந்திலிருந்து வந்த சுமார் 20,000 பேர்தான் இவர்களுடைய பெருமை. வம்சாவளி ஆய்வாளர் ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் 1988-ல் தொடங்கிய ஆய்வு அந்தக் குடியேறிகளைச் சான்றோடு அலசுகிறது. படித்தால் கை கூப்பத் தோன்றும். வந்தவர்கள் எல்லாரும் தங்கிவிடவில்லை என்பதும் இதில் மூழ்கியபோதுதான் உறைத்தது. 1649-ல் பாஸ்டனில் பிறந்த குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்கள். அந்தக் குழந்தைதான் பிற்பாடு நம்ம சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல். சரி, விஷயத்துக்கு வருகிறேன். குடியேறியவரின் பெயர் நம் கையில் ஏற்கெனவே இருந்தால் இந்தத் தளத்துக்கு ஈடு கிடையாது. என் கையில் அது இல்லை.

என்னிடம் இருந்தது ஹன்னா. மாமியாரிலிருந்து ஐந்து தலைமுறை மேலே, வூஸ்டர் மாவட்டத்து ஊர் ஒன்றில் வாழ்ந்தவள். அத்தையின் தாளில் அவள் சாமுவேலின் மகள். இணையத்தில் யார் யாரோ போட்டிருந்த பதினான்கு மரங்களும் அதையே சொல்லின. நானும் காப்பியடித்தேன். எந்தத் தளம் என்பது முக்கியமில்லை, எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆதாரம் என்ன என்று துழாவினால் ஒரு மரம் இன்னொரு மரத்தைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது.

ஊரின் பிறப்புப் பதிவில் பார்த்தால் இரண்டு சாமுவேல், இருவருக்கும் ஹன்னா என்று ஒரு மகள். ஒருத்தி 1779, மற்றவள் 1781. பதிவில் சாமுவேல் சீனியர், சாமுவேல் ஜூனியர் என்று இருந்ததால் எல்லாரும் அப்பா-மகன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் சீனியர், ஜூனியர் என்றால் ஊரில் அந்தப் பெயருள்ளவர்களில் மூத்தவர், இளையவர் என்பதுதான். மூத்தவர் இறந்தால் ஜூனியரே சீனியராகிவிடுவார்! இவர்கள் சித்தப்பாவும் அண்ணன் மகனும். மேஃப்ளவர் ரத்தம் வந்தது சித்தப்பாவின் மனைவி வழியில்.

நம்ம ஊரில் தாய்ப்பத்திரம் பார்க்காமல் மனை வாங்குவோமா? வம்சாவளிக்கும் அதே கதைதான். அப்பா இறந்தால் நிலத்தைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் பத்திரம் வேண்டும், பத்திரத்தில் வாரிசுகள் எல்லாரும் வந்தாக வேண்டும். கட்டிக்கொடுத்த மகள் கணவர் பெயரோடு வருவாள். ஆனால் பழைய பத்திரப் பதிவு அட்டவணையில் முதல் ஆளின் பெயரைப் போட்டு 'மற்றும் சிலர்' என்று முடித்திருப்பார்கள். ஹன்னா அந்த 'சிலர்' என்ற சொல்லுக்குள் இருநூறு வருடம் ஒளிந்திருந்தாள்.

ஃபேமிலிசெர்ச் வென்றது இங்கேதான். மார்மன் திருச்சபை நடத்தும் இந்தத் தளம் 1938 முதல் மைக்ரோஃபிலிம் எடுத்துச் சேர்த்த ஆவணங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 2024-ல் வந்த முழு உரைத் தேடல், பழைய கையெழுத்தை இயந்திரத்தைக் கொண்டு படித்து, பத்திரத்தின் நடுவில் கிடக்கும் பெயரையும் பிடித்துக் கொடுக்கிறது. ஹன்னாவின் பெயரையும் அவள் கணவரின் பெயரையும் சேர்த்துப் போட்டேன். 1811-ல் எழுதிய விடுதலைப் பத்திரம் வந்து விழுந்தது. உடன்பிறந்தவர்கள் தங்கள் பாகத்தை மூத்தவன் எபனேசருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். எபனேசர், லிடியா, மோசஸ், ஹன்னா. இந்த நால்வரும் இளைய சாமுவேலின் பிள்ளைகள். அத்தோடு மேஃப்ளவர் மூழ்கியது.

குறையும் உண்டு. இயந்திரம் பழைய நீள எஸ் எழுத்தை எஃப் என்று படித்துவைக்கும், பெயரை நாலு விதமாக எழுதித் தேட வேண்டும். சில படங்களைத் திருச்சபையின் மையத்துக்கு நேரில் போனால்தான் பார்க்க முடியும். இவர்களுடைய பொது மரத்தில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். நான் மாற்றிய ஹன்னாவை யாரோ பத்தே நாளில் பழைய சாமுவேலிடம் திருப்பி அனுப்பிவிட்டார். பத்திரங்களுக்கு மட்டும் இந்தத் தளம், மரத்துக்கு நம் சொந்த நோட்டு.

டிஎன்ஏ எடுக்கலாமே என்று கேட்பார்கள். பத்துத் தலைமுறை மேலே போனால் மரத்தில் 1,024 மூதாதையர் இடங்கள், அவர்களில் பலரிடமிருந்து நமக்கு ஒரு துண்டுகூட வந்திருக்காது. என் சிக்கலில் இரண்டு சாமுவேலும் ஒரே குடும்பம், அது இன்னும் குழப்பியிருக்கும்.

இதெல்லாம் மாசசூசெட்ஸ் அனுபவம். பிறப்பு இறப்பை ஊர்வாரியாக எழுதி வைத்த பூமி அது. உள்நாட்டுப் போரில் நீதிமன்றங்கள் எரிந்துபோன வர்ஜீனிய மாவட்டங்களில் தேடுபவர் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்திரத்தை அச்செடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். அண்ணன் தம்பி பெயர் போட்டிருக்க, ஹன்னாவின் பெயருக்கு நடுவே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி, 'அவள் குறி' என்று பக்கத்தில் குமாஸ்தாவின் எழுத்து. மாமியார் அந்தக் குறிமேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அத்தையின் தாளைக் கிழிக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே உறையில் போட்டு, மேலே பென்சிலில் 'இரண்டாவது ஹன்னா' என்று எழுதிவைத்தார்.