‘ரீமேப்’ என்று சொல்லி பெட்டி மாட்டுகிறார்கள்: பழைய டீசல் எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஸ்கார்ப்பியோ, சஃபாரி மாதிரி பழைய டீசல் வண்டி வைத்துக்கொண்டு, கொஞ்சம் செலவு செய்து பவரை ஏற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு ட்யூனிங் கடையில் எனக்கு நடந்தது இது. கடைப் பெயரைப் போடவில்லை. இதே வேலையை வேறு ஊரில் வேறு போர்டு மாட்டிச் செய்கிறவர்களும் இருப்பார்கள், அதனால் செய்யும் விதம் தெரிந்தால் போதும்.

என் வண்டி 2010 மாடல் ஸ்கார்ப்பியோ, 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்சின். கம்பெனிக் கணக்குப்படி 4000 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) 120 குதிரைத்திறன், 1800 முதல் 2800 வரை 290 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). வீட்டு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் அலட்டாமல் ஏறிய வண்டி அது. சமீபமாக மலையில் முனக ஆரம்பித்தது. மூன்றாவது கியர் போட்டால் புல்லிங்கே இல்லை. கடையில் போய் இதைத்தான் சொன்னேன்.

"கம்பெனிக்காரனே பவரை அமுக்கி வெச்சுத்தாங்ணா குடுப்பான். ஈசியூவைத் திறந்து விட்டா 160 வந்துரும். மைலேஜும் ஏறும் பாருங்க" என்றார் கடைக்காரர். ஈசியூ என்றால் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர். பானெட்டைத் திறக்கவில்லை, ஸ்கேனர் மாட்டவில்லை, ஒரு ரவுண்டு ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்பு இழுத்த வண்டி இப்போது ஏன் இழுக்கவில்லை என்ற கேள்வியே அந்தக் கடையில் எழவில்லை. ஈசியூ ரீமேப், கழுவிப் போடும் ஏர் ஃபில்டர், ‘ஃப்ரீ ஃப்ளோ’ சைலன்சர் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள்.

வண்டியைத் திருப்பி எடுத்தபோது வித்தியாசம் தெரிந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவிநாசி ரோட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டியது. கூடவே ஒரு டைனோ கிராஃபும் (வண்டியை மெஷினில் ஓட்டிப் பவரை அளந்த வரைபடம்) கொடுத்தார்கள். 162 குதிரைத்திறன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அப்புறம் கரும்புகை. பின்கதவு மசி பூசியது போல ஆனது. சிக்னலில் பின்னால் நிற்கும் பைக் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முறைத்தார்கள். கேட்டால் "பவர் ஏறுனா அப்படித்தாங்ணா, செட் ஆயிரும்" என்று பதில். செட் ஆகவில்லை. திம்பம் ஏறும்போது பாதி மலையில் எஞ்சின் மட்டும் அலறியது, வண்டி அதே வேகத்தில் ஊர்ந்தது. கிளட்ச் கருகும் வாடை உள்ளே வரை வந்தது. செக் எஞ்சின் விளக்கு எரிந்தது, அதோடு ஆர்.பி.எம். ஏற மறுத்துவிட்டது. பின்சீட்டில் அம்மா. முன்னாலும் பின்னாலும் கரும்பு லாரி. வண்டியை ஓரங்கட்டி, ஆறவைத்து, மெதுவாகத் திருப்பி இறக்கினோம்.

சத்தியமங்கலத்தில் ஒரு பெரியவர், மலைக்கு ஓடும் வேன்களுக்கு வேலை செய்கிற மெக்கானிக். அவர் முதலில் செய்தது, டர்போவின் சூடான காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தது. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துவிட்டு மடித்துக் காட்டினார். கிளாம்ப்புக்குப் பக்கத்தில் விரல்நீளத்துக்கு வெடிப்பு. சும்மா நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது, டர்போ அழுத்தம் ஏறினால் வாய் பிளக்கும். டர்போ அடைத்து அனுப்பும் காற்றில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. முனகலுக்குக் காரணம் அவ்வளவுதான்.

அதே பானெட்டுக்குள், இன்ஜெக்டர்களுக்கு அதிக அழுத்தத்தில் டீசல் கொடுக்கும் காமன் ரெயில் குழாய்க்குப் பக்கத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருப்புப் பெட்டி ஒன்று டேப் சுற்றிக் கட்டியிருந்தது. ரெயில் பிரஷர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, நடுவில் இதைச் செருகியிருந்தார்கள். ரீமேப் என்றால் ஈசியூவுக்குள் இருக்கும் ஃபைலை எடுத்து, டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்த மாற்றி, மறுபடி எழுதுவது. இந்தப் பெட்டி செய்வது வேறு. சென்சார் அனுப்பும் வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்து ஈசியூவிடம் பொய் சொல்லும். ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று நினைத்து ஈசியூ ஏற்றிக்கொண்டே போகும். இந்தத் தலைமுறை காமன் ரெயிலில் அழுத்தம் 1600 பார் வரை போகும், விளையாடுகிற இடமா அது? பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். நாலைந்து ரெசிஸ்டர், திருகி வைக்கும் ஒரு குட்டி பொட்டென்ஷியோமீட்டர், மீதி இடம் முழுக்கப் பசை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஹோஸ் வெடிப்பால் எஞ்சினுக்குக் காற்று குறைவு. பெட்டியால் டீசல் அதிகம். எரியாத டீசல் கரும்புகையாக வரும், சிலிண்டரிலும் டர்போவிலும் சூடு ஏறும். எப்போதாவது கிடைக்கும் அந்தக் கூடுதல் டார்க்கைப் பழைய கிளட்ச் பிளேட் தாங்காமல் வழுக்கும். திம்பத்தில் நடந்தது இதுதான்.

டைனோ கிராஃபையும் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் சிரித்துவிட்டார். உச்சப் பவர் 6200 ஆர்.பி.எம்.மில் என்று இருந்தது. 4000-ல் உச்சம் தொடும் டீசல் எஞ்சின் அந்தப் பக்கமே போகாது. ஏதோ பெட்ரோல் காரின் கிராஃபில் என் வண்டி நம்பரைப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். சக்கரத்தில் அளந்ததா, எஞ்சின் கணக்கா என்றும் இல்லை. வேலைக்கு முந்தைய கோடு, பிந்தைய கோடு என்று இரண்டும் இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது அடுத்ததைப் பார்த்துத்தான். சைலன்சர் பைப்பை ஸ்பேனரால் தட்டினார், தகர டப்பா மாதிரி ஓசை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பைப்பை வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம் இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு. என் வண்டியிலிருந்து கழற்றியது எங்கே என்று போனில் கேட்டதற்கு, "அது வேஸ்ட்டுங்ணா, அப்பவே போட்டுட்டோம்" என்றார் கடைக்காரர். கிளட்ச் கதையைச் சொன்னேன். "மலைக்கு ஓட்டுவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லைங்களே!" அதற்குமேல் என்ன பேசுவது?

சட்டப் பக்கமும் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள தகவல் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. உரிமையாளர் என்றால் நாம், கடைக்காரர் இல்லை. இன்சூரன்ஸிலும் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் வம்பாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பவர் வேண்டும் என்று போகிறவர்களைத் தடுக்கப்போவதில்லை. டர்போ டீசலில் ஒழுங்கான ரீமேப் செய்தால் உண்மையாகவே பவர் கூடும். ஆனால் ஸ்கேனர் மாட்டி டர்போ பிரஷரையும் ரெயில் பிரஷரையும் ஓட்டத்தில் பார்க்காத ஆளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ஹோஸ், டீசல் ஃபில்டர், ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு), இன்ஜெக்டர், கிளட்ச் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். ஒரிஜினல் ஃபைலின் காப்பியைப் பென்டிரைவில் கேளுங்கள். பெட்டி மாட்டுகிறவரிடம் அது இருக்காது, அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். டைனோ என்றால் நம் கண் முன்னால், அதே நாளில், முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டட்டும். கழற்றிய சாமான் எல்லாம் டிக்கியில் வந்தாக வேண்டும்.

பணம் விஷயத்தில், வக்கீல் நோட்டீஸ் என்ற பேச்சை எடுத்ததும் 8,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அது நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முறையான பில் இல்லாததால் வாட்ஸ்அப் பேச்சும் ஜிபே ரசீதும்தான் கையில் இருக்கிறது. யாராவது இதே மாதிரி துண்டுச் சீட்டோடு ஆணையத்துக்குப் போய் ஜெயித்திருந்தால் சொல்லுங்கள்.

பெட்டியைப் பிடுங்கிவிட்டு, பழைய ஏர் ஃபில்டருக்கே மாறி, புது ஹோஸும் கிளட்ச் செட்டும் போட்டாகிவிட்டது. ஹோஸ் விலை 2,000 ரூபாய்க்குள்தான். வண்டி திம்பத்தை மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. இனி பாக்கி கேட்டலிடிக் கன்வெர்ட்டர். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வண்டி, வெறும் பைப்போடு ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்த முடியாது. எம்ஹாக் ஸ்கார்ப்பியோவுக்குப் பொருந்தும் ஒரிஜினல் கன்வெர்ட்டர், ஈரோடு, கோவைப் பக்கம் பில்லோடு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.