விற்ற ஸ்கொயரைத் திரும்ப வாங்குவதா, புது ஃபெண்டரா?

எப்போதோ விற்ற ஸ்கொயர் (ஃபெண்டரின் மலிவு பிராண்ட்) ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் மறுபடி விலைக்கு வந்தால், அதை வாங்கிப் பாகங்களை மாற்றலாம். இல்லையென்றால் கூடக் கொஞ்சம் பணம் சேர்த்து ஃபெண்டர் பிளேயர் ஒன்று வாங்கலாம்.

புதியதில் தலைவலி குறைவு. மெக்சிகோவின் என்செனாடாவில் தயாராகும் பிளேயரில் அல்னிகோ 5 காந்தப் பிக்கப்புகள் (தந்தி அதிர்வை மின்சிக்னலாக்குபவை), இரண்டு முனை ட்ரெமோலோ (சுருதியை வளைக்கும் அசையும் பிரிட்ஜ்) எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. தந்தி உயரம் போன்ற செட்டப் பார்த்துவிட்டு வாசிக்க வேண்டியதுதான்.

பழையதன் பலம் அதன் நெக், அதாவது இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி. கட்டைவிரல் எங்கே உட்கார வேண்டும் என்று கைக்கே தெரியும். அந்தப் பழக்கத்தைக் கடையில் வாங்க முடியாது. ஒலியை மாற்றிக்கொள்ளலாம். விலை குறைந்த ஸ்கொயர்களின் பிக்கப்புகளில் பெரும்பாலும் எஃகுத் துருவங்களுக்கு அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். அந்தப் பிக்கப்புகளை எடுத்துவிட்டு அல்னிகோ பிக்கப் செட், 250 கே பாட்கள் (வால்யூம், டோன் திருகிகள்), பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் நல்ல செலக்டர் ஸ்விட்ச் போட்டால் முதல் கார்டிலேயே வித்தியாசம் கேட்கும்.

தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். ஸ்கொயரின் மலிவு வரிசையான அஃபினிட்டியில் பல மாடல்களின் பாடி, வழக்கமான 45 மில்லிமீட்டரைவிட மெல்லியது. பிரிட்ஜுக்கு அடியில் பாடிக்குள் இறங்கும் உலோகக் கட்டையான ட்ரெமோலோ பிளாக், முழு நீளமாக இருந்தால் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். திருகுகளின் இடைவெளியையும் அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள். அப்புறம், கழற்றியதை எறியாதீர்கள். மேம்படுத்தப் போட்ட காசு மறுவிற்பனையில் முழுதாகத் திரும்பாது. புதுப் பாகங்களைக் கழற்றித் தனியாக விற்றால்தான் ஏதோ தேறும், அப்போது பழையவை தேவைப்படும்.

நெக் நேராக இருந்து, அதன் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடும் இன்னும் திரும்பினால், நான் யோசிக்காமல் பழையதையே எடுப்பேன். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் புதியது.