கிளட்ச் கவரை மூடுகிற நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள்

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பால்வெட்டு வேலை. விடியுமுன் 4 மணிக்கு ஸ்பிளெண்டரில் கிளம்புவேன். வண்டி நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனி மாசம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. மழையில் வெட்டு இல்லாத ஒரு நாளில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். சாயங்காலம் 1,850 ரூபாய் பில். கிளட்ச் பிளேட், ஆயில், கூலி, அதோடு 'கவர் பேக்கிங் 90' என்று தனியாக ஒரு வரி. கிளட்சை மூடுகிற கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஆயில் கசியாமல் வைக்கிற தாள்தான் பேக்கிங். "பேக்கிங் புதுசுதானே தம்பி?" என்றேன். "பின்னே, பழசையா போடுவோம் அண்ணே?" என்றான்.

நாலாம் நாள் காலை, வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். சைலன்சரில் சொட்டிக் கருகிய வாடை வேறு. திரும்பக் கொண்டுபோனேன். கவரைக் கழற்றவே இல்லை. வெளியே துடைத்து, போல்ட்டுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கி, விளிம்பில் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசி அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில், ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. பின் டயரிலும் ஆயில். மழை ரோட்டில் இறக்கத்தில் அது ஆளையே கொன்றிருக்கும்.

அப்புறம் தக்கலையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். "இங்கேயே நில்லுங்க, உங்க கண்ணு முன்னாடி கழத்துறேன்" என்றார். கவர் வந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உள்ளே இருந்தது பழைய பேக்கிங், கீழ்ப்பக்கம் கிழிந்தது. கிழிசலை மறைக்க இரண்டு பக்கமும் பேஸ்ட். கவரையும் எஞ்சினையும் நேராகச் சேர்த்துப் பிடிக்கிற டவல் பின் இரண்டில் ஒன்றைக் காணோம். அது இல்லாவிட்டால் கவர் மயிரிழை விலகி உட்காரும், கிக்கர் ஷாஃப்ட் நடுவில் நிற்காது, ஆயில் சீல் ஒரு பக்கமாகத் தேயும். எனக்கு அப்படித்தான் தேய்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பிய இடத்தில் அலுமினியத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். நீள போல்ட் போட வேண்டிய ஓட்டையில் குட்டை போல்ட்டைப் போட்டு முறுக்கியதில் மரையும் போயிருந்தது.

கடைசியாக அடியில் இருந்த ஆயில் வலையை உருவி என் கையில் வைத்தார். மரத்தின் வெட்டுவாயில் காய்ந்துகிடக்கிற ஒட்டுப்பால் போல, சிவப்பாகச் சுருண்ட நார்கள். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வலை முழுக்க அடைந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஆயில் ஏறாது, எஞ்சினே போய்விடும்.

அவர் மூடிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பேக்கிங்கை பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்தார். பள்ளத்தைச் சமப்படுத்தி, மரை கட்டி, சீல் மாற்றி, இரண்டு டவல் பின்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அப்புறம் புது பேக்கிங்கை வெறுமனே வைத்தார், பேஸ்ட் இல்லை. போல்ட்டுகளைக் கையாலேயே முதலில் ஏற்றி, எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் இறுக்கினார். 6 எம்எம் போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் முறுக்கினால் அலுமினியம் தாங்காது. பேப்பர் பேக்கிங் வருகிற இடத்தில் பேஸ்ட் தேவையில்லை, சில வண்டிகளில் பேக்கிங்கே இல்லாமல் சேர்கிற எஞ்சின் கேஸ் மாதிரி இடத்துக்குத்தான் அது என்றார்.

அதனால் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். புது பேக்கிங்கின் உறையை உங்கள் கண் முன்னாடி பிரிக்கச் சொல்லுங்கள், பழசைக் கையில் வாங்குங்கள்.

பழைய பேக்கிங்கையும் பில்லையும் கொண்டுபோய் முதல் கடையில் வைத்தேன். 90 ரூபாயை மட்டும் திருப்பித் தந்தார்கள். மரை கட்டிய செலவும் வேலைக்குப் போகாத இரண்டு நாளும் என் தலையில்தான். அந்தச் சிவப்பு நார்களைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் காட்டுவேன்.