டிவிக்கு அடியில் வைத்த குட்டி கம்ப்யூட்டரில் பழைய கேம்கள் எதுவரை ஓடும்?

படம் பார்க்கத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே என்100 சிப், 16 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படத்துக்கு இது தாராளம். அதிலேயே பழைய கேம் கன்சோல்களைப் போலிசெய்து ஓட்டும் மென்பொருள்களான (எமுலேட்டர்கள்) ரெட்ரோஆர்க், டால்ஃபின், பிசிஎஸ்எக்ஸ்2 மூன்றையும் ஏற்றி இப்போது படத்தைவிட கேம்தான் அதிகம் ஓடுகிறது.

சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் 1 போன்ற பழைய கன்சோல்கள் எல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. மிச்சமிருக்கும் சக்தியை ரெட்ரோஆர்க்கின் ரன்-அஹெட் வசதிக்குக் கொடுத்திருக்கிறேன். பழைய கேம்கள் பல, பட்டனை அழுத்திய பிறகு ஒன்றிரண்டு ஃப்ரேம் கழித்துத்தான் அசையும். ரன்-அஹெட் அந்த ஃப்ரேம்களை முன்கூட்டியே ஓட்டி, தாமதத்தை மறைத்துவிடுகிறது. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 16.7 மில்லிவிநாடி. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கும்போது விரலுக்குத் தெரியும். சூப்பர் நின்டெண்டோவுக்கான ஸ்னெஸ்9எக்ஸ் மாதிரி இலகுவான கோரில் (ரெட்ரோஆர்க்குக்குள் ஒரு கன்சோலைப் போலிசெய்யும் பகுதி) தயங்காமல் போடலாம். அதற்கு முன்னால் டிவியை கேம் மோடுக்கு மாற்றிவிடுங்கள். படத்தை அழகாக்குகிறேன் பேர்வழி என்று டிவி சேர்க்கும் தாமதத்தை எந்த எமுலேட்டராலும் குறைக்க முடியாது.

4கே டிவி இருக்கிறதே என்று பழைய குழாய் டிவியின் தோற்றம் தரும் சிஆர்டி ராயல் போன்ற கனமான ஷேடரை (படத்தின் மேல் போடும் ஃபில்டர்) போட்டால் சிப் திணறிவிடும். நான் 1080பி-யில் வைத்து, லேசான ஷேடர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். சூப்பர் நின்டெண்டோ படம் பெரும்பாலும் 224 வரி உயரம். சரியாக நான்கு மடங்கு பெரிதாக்கினால் 896 வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். தம்பிக்கு அது பிடிக்காது, திரையை நிரப்பு என்பான். நிரப்பினால் புள்ளிகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் தெரியும், நான் விடுவதில்லை.

நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு டால்ஃபின். வேகம் பரவாயில்லை, ஆனால் புதிய காட்சி ஒவ்வொன்றும் முதல்முறை வரும்போது ஒரு திக்கல். காட்சியை வரையும் சிறு நிரல்களை (இவற்றுக்கும் ஷேடர் என்றே பெயர்) அந்த நேரத்தில்தான் தயார் செய்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஊபர்ஷேடர் போட்டால் திக்கல் போய்விடும், ஆனால் இந்த கிராபிக்ஸுக்கு அது பெரிய சுமை. இரண்டாவது தடவை சீராக ஓடும் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

பிசிஎஸ்எக்ஸ்2 ஓட்டும் பிளேஸ்டேஷன் 2-தான் எல்லை. அதன் பிராசஸர் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ்கூட இல்லை, ஆனால் கூடவே இரண்டு வெக்டர் யூனிட்கள் (கணக்குப் போடும் துணைப் பகுதிகள்) வேலை செய்யும். அத்தனையையும் ஒரே தாளத்தில் போலிசெய்ய, பிராசஸர் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதே முக்கியம். எம்டிவியூவை (ஒரு வெக்டர் யூனிட்டின் வேலையைத் தனியாகப் பிரித்து ஓட்டும் வசதி) ஆன் செய்து, ரெசல்யூஷனை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் சாதாரண கேம்கள் நன்றாகவே ஓடுகின்றன. கூட்டமான சண்டைக் காட்சியில் வேகம் குறையும், சத்தம் கிழியும். பிளேஸ்டேஷன் 3 ஆசை இருந்தால் இந்த மாதிரிப் பெட்டி வேண்டாம், அப்புறம் வருத்தப்படுவீர்கள்.

படம் ஓடும்போது இருக்கிறதே தெரியாத ஃபேன், பிஎஸ்2 கேம் தொடங்கியதும் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைத்தால் சூடேறி, சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெளியே வைத்துவிட்டேன்.

ப்ளூடூத் கேம்பேட் வேறு அடிக்கடி விட்டுப்போனது. காரணம், பக்கத்திலேயே செருகியிருந்த யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க். அது கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். நீளமான கேபிள் போட்டு டிஸ்க்கைத் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. தூங்கும் பெட்டியை பேடை அழுத்தி எழுப்பத்தான் இன்னும் வழியில்லை, எழுந்து போய் பவர் பட்டனைத் தட்ட வேண்டியிருக்கிறது.